சிறையில் மலர்ந்த வரலாறு

வரலாறு என்னும் சொல்லைக் கேட்டவுடன் மாணவர் சிலர் முகம் சுளிப்பதுண்டு. அரசர்தம் பெயர்கள், அவர்கள் அரியணை ஏறிய ஆண்டுகள், செய்த போர்கள், வென்ற நாடுகள் ஆகியவற்றை நெட்டுருப் பண்ணித் தேர்வில் எழுதி, எழுதிய மறுநாளே மறந்துவிடுவதற்குரிய பாடம் அது என்று அவர்கள் எண்ணுகின்றனர். அங்ஙனம் எண்ணுதல் அவர்தம் குற்றமன்று. உயிருள்ள மாந்தரின் கதையை உயிரற்ற பட்டியலாக்கித் தந்தோரின் குற்றமே அஃது. சொல்லும் முறையறிந்து சொல்வார் ஒருவர் வாய்ப்பின், மறைந்த காலம் மீண்டு வந்து நம் கண்முன் நடமாடும்; மாண்ட மாந்தர் நம்மோடு உரையாடுவர்.

அங்ஙனம் முறையறிந்து சொன்ன பெரியாருள் ஒருவர் பண்டித ஜவகர்லால் நேரு. அவர் விடுதலை பெற்ற இந்தியாவின் முதற் பிரதமர் என்பதை நாம் எல்லோரும் அறிவோம். தம் மகளின்பொருட்டு உலக வரலாற்றை எழுதிய தந்தை அவர் என்பதையும், அவ்வரலாறு முழுவதும் கிட்டத்தட்டச் சிறைக்கூடங்களிலேயே எழுதப்பட்டது என்பதையும் அறிந்தார் சிலரே. அந்நூல் தோன்றிய வரலாறு, அந்நூல் கூறும் வரலாற்றினும் சுவை குறைந்ததன்று.

கதை கேட்டு வளர்ந்த சிறுவர்

ஜவகர்லால் 1889-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 14-ஆம் நாள் அலகாபாத் நகரில் பிறந்தார். கங்கையும் யமுனையும் கூடும் அந்நகர் இக்காலத்தில் பிரயாக்ராஜ் என வழங்குகிறது. தந்தையார் மோதிலால் நேரு, புகழும் பொருளும் குவித்த வழக்கறிஞர். தாயார் சுவரூபராணி அம்மையார். அவருக்குப் பதினொரு வயது நெருங்கும் வரையில் உடன்பிறந்தார் எவரும் இலர். பெரிய மாளிகை, எண்ணற்ற பணியாளர், எனினும் உடன் விளையாட ஒத்த வயதினர் இல்லை. இத்தனிமையைப் போக்கியவை கதைகளே.

தாயாரும் பெரியதாயாரும் இராமாயண பாரதக் கதைகளை எடுத்துரைப்பார்கள். அவ்வில்லத்தில் முபாரக் அலி என்னும் முதியவர் ஒருவர் இருந்தார். நரைத்த தாடியையுடைய அவரைச் சிறுவர் ஜவகர் பழங்கதைகளின் களஞ்சியமாகவே கருதினார். அவர் ஆயிரத்தோர் இரவுக் கதைகளைக் கூறுவார். 1857-ஆம் ஆண்டு நிகழ்ந்த பெருங்கிளர்ச்சியின் கதைகளையும் கூறுவார். அக்கிளர்ச்சியில் அம்முதியவரின் குடும்பமே அழிந்தது. ஆதலின் அவர் கூறியது ஏட்டில் படித்த செய்தியன்று. நெஞ்சில் தழும்பாகிய செய்தி. வரலாறு என்பது உயிருள்ள மனிதர்க்கு நேர்ந்தது என்னும் உண்மை, அச்சிறுவரின் உள்ளத்தில் அந்நாளிலேயே வேரூன்றிற்று.

பின்னர் புரூக்ஸ் என்னும் ஆசிரியர் இல்லத்திலேயே தங்கிக் கல்வி கற்பித்தார். அவர் மாணவர்க்கு இரண்டு சுவைகளை ஊட்டினார். ஒன்று நூல்களில் தோய்தல். மற்றொன்று அறிவியல் ஆராய்தல். வீட்டின் ஓரறையில் சிறியதோர் ஆய்வுக்கூடமும் அமைக்கப்பெற்றது.

1905-ஆம் ஆண்டு ஜவகர்லால் இங்கிலாந்து சென்று ஹாரோ பள்ளியிற் சேர்ந்தார். அங்கு அவர் நன்கு பயின்றமைக்காக ஒரு நூல் பரிசாகக் கிடைத்தது. இத்தாலிய நாட்டின் விடுதலை வீரர் கரிபால்டியைப் பற்றி டிரவெல்யன் என்னும் வரலாற்றாசிரியர் எழுதிய நூல் அது. அதனைப் படித்த இளைஞர் தம்மை மறந்தார். அவ்வரிசையின் ஏனைய நூல்களையும் தேடிப் பெற்றுப் படித்தார். இத்தாலி நாட்டின் நிகழ்ச்சிகளைப் படிக்கும்போதெல்லாம் அவர்தம் மனக்கண்ணில் இந்தியாவே தோன்றிற்று. தம் நாட்டிலும் அத்தகைய வீரப்போர் நிகழுமா என்று கனவு கண்டார். ஒரு நல்ல வரலாற்று நூல் ஓர் இளம் உள்ளத்தில் என்ன செய்ய வல்லது என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்றாகும்.

ஹாரோவிலிருந்து 1907-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் சென்று, வேதியியல், நிலவியல், பயிரியல் ஆகிய அறிவியல்களைப் பயின்று 1910-இல் பட்டம் பெற்றார். பின்னர்ச் சட்டம் பயின்று 1912-இல் தாயகம் திரும்பினார். அவர் முறையாக வரலாறு பயின்றவர் அல்லர் என்பதை ஈண்டு நினைவிற் கொள்ளுதல் வேண்டும். பாறையையும் மண்ணையும் ஆராயக் கற்ற அக்கல்வி, வரலாறு எழுதுவதற்கும் எங்ஙனம் பயன்பட்டது என்பதைப் பின்னர்க் காண்போம்.

முசூரிக்குச் சென்ற மடல்கள்

1916-ஆம் ஆண்டு ஜவகர்லால் கமலா அம்மையாரை மணந்தார். 1917-ஆம் ஆண்டு நவம்பர் 19-ஆம் நாள் மகள் இந்திரா பிறந்தார். காந்தியடிகளின் வழிநின்று நாட்டு விடுதலைக்கு உழைக்கலானமையின், அக்குடும்பம் இன்பவாழ்வைத் துறந்து சிறை புகுந்தது. 1921-ஆம் ஆண்டு டிசம்பரில் தந்தையும் மகனும் ஒருங்கே சிறைப்பட்டபோது இந்திராவுக்கு வயது நான்கு. அது முதல் அக்குழந்தை தந்தையை வீட்டிற் கண்ட நாள்களினும், காணாத நாள்களே மிகுதியாயின.

1928-ஆம் ஆண்டுக் கோடையில் பத்து வயதுச் சிறுமி இந்திரா, இமயமலைச் சாரலிலுள்ள முசூரியில் தங்கியிருந்தார். தந்தையாரோ சமவெளியில், அலகாபாத்தில், நாட்டுப் பணிகளில் மூழ்கியிருந்தார். அருகில் இருந்தால் மகள் பல வினாக்களை எழுப்புவாள்; அவற்றுக்கு விடையிறுக்கலாம். மலையில் ஒருவரும் சமவெளியில் ஒருவருமாகப் பிரிந்திருக்கையில் யாது செய்வது? உலகின் கதையை மடல் வாயிலாகச் சொல்லுவதெனத் தந்தையார் துணிந்தார்.

அக்கதையை அவர் தொடங்கிய முறை வியத்தற்குரியது. யாதேனும் ஒரு பேரரசனைக் கொண்டு அவர் தொடங்கவில்லை. எவரும் எழுத்து அறியாத பழங்காலத்தை நாம் அறிவது எங்ஙனம் என்னும் வினாவைக் கொண்டு தொடங்கினார். இயற்கையே ஒரு பெருநூல் என்றும், மலையும் பாறையும் அந்நூலின் ஏடுகள் என்றும் மகளுக்கு உணர்த்தினார். அதற்கு அவர் காட்டிய சான்று, வழியோரத்தில் எவரும் பொருட்படுத்தாத ஒரு கூழாங்கல். பெரும்பாறை உடைந்தால் துண்டுகளின் முனைகள் கூர்மையாகவும் கரடுமுரடாகவும் இருக்கும். கூழாங்கல்லோ உருண்டு வழுவழுப்பாக இருக்கிறது. மலையிலிருந்து மழைநீர் அதனை ஓடைக்கு உருட்டிவந்தது. ஓடை ஆற்றில் சேர்த்தது. ஆற்றின் அடியில் புரண்டு புரண்டு முனைகள் தேய்ந்தன. இன்னும் சில காலம் புரண்டிருந்தால் அது பொடிந்து, குழந்தைகள் வீடு கட்டி விளையாடும் மணலாகியிருக்கும். ஒரு சிறு கல் இவ்வளவு கதை சொல்லுமாயின், நம்மைச் சூழ்ந்துள்ள மலையும் ஆறும் எத்துணைக் கதை சொல்லும்! கேம்பிரிட்ஜில் பயின்ற நிலவியல் இவ்வாறு ஒரு சிறுமியின் கைப்பிடியில் அடங்கும் கல்லாக வடிவெடுத்தது.

கல்லில் தொடங்கிய கதை, உயிர்களின் தோற்றம், மனிதனின் வருகை, வேட்டை, உழவு, மொழி, நகரங்கள், கடல் வாணிகம் என்று ஏறத்தாழ முப்பது மடல்களில் வளர்ந்தது. தந்தை, தாய் ஆகியோரைக் குறிக்கும் சொற்கள் வடமொழி, இலத்தீன், கிரேக்கம், செருமானியம் முதலியவற்றில் ஒத்திருத்தலை எடுத்துக்காட்டி, அம்மொழிகளைப் பேசினோரின் முன்னோரிடையே தொடர்பு இருந்தது என்பதைத் தெளிவித்தார். தொலைநாட்டாரும் நமக்கு அயலார் அல்லர் என்னும் எண்ணம் அச்சிறுமியின் உள்ளத்தில் பதிய வேண்டும் என்பதே அவர் கருத்து.

இம்மடல்கள் 1929-ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தன. இந்தி எழுத்தாளர்களுள் தலைசிறந்தவராகிய பிரேம்சந்த் அந்நூலை இந்தியில் மொழிபெயர்த்தார். ஒரு மகளுக்கு எழுதிய மடல்கள் நாட்டின் மக்கள் பலருக்கும் உரியவாயின.

சிறைக்குள்ளிருந்து பிறந்தநாட் பரிசு

1930-ஆம் ஆண்டு காந்தியடிகள் உப்பு அறப்போரைத் தொடங்கினார். நாடெங்கும் மக்கள் சிறை புகுந்தனர். அக்டோபர் 11-ஆம் நாள் விடுதலை பெற்ற ஜவகர்லால், எட்டே நாள்கள் வெளியிலிருந்து, 19-ஆம் நாள் மீண்டும் சிறைப்பட்டு அலகாபாத்துக்கு அருகிலுள்ள நைனிச் சிறையில் அடைக்கப்பட்டார். அடுத்த வாரத்திலேயே, நம் நாட்டு முறைப்படி கணக்கிடப்பெற்ற இந்திராவின் பிறந்தநாள் வந்தது. பிற ஆண்டுகளில் நூல்களும் பொம்மைகளும் வாங்கித் தந்த தந்தையார், இவ்வாண்டு எதனைத் தருவார்? சிறைமதில்களைக் கடந்து செல்லவல்ல பரிசு உள்ளத்தின் பரிசு ஒன்றே. 1930 அக்டோபர் 26-ஆம் நாள் அவர் எடுத்த எழுதுகோலே, பின்னாளில் உலக வரலாற்றுக் காட்சிகள் என்னும் பெருநூலாக வளர்ந்தது.

பிரஞ்சு நாட்டைக் காத்த வீரச் சிறுமி ஜோன் என்பாளின் கதையைப் படித்து, அவளைப்போல ஆகவேண்டும் என்று இந்திரா முன்பு விரும்பியதுண்டு. அதனை அம்மடலில் நினைவூட்டினார் தந்தையார். பெருஞ்செயல்கள் எங்கோ ஒரு காலத்தில் நிகழ்ந்து முடிந்தவை அல்ல. காந்தியடிகளின் தலைமையில் நம் நாட்டில் எளிய மாந்தர் நாள்தோறும் நிகழ்த்தும் அறப்போரும் வரலாறே என உணர்த்தினார். அச்சத்துக்கு இடந்தந்து மறைவாகச் செய்யவேண்டிய எச்செயலையும் செய்யலாகாது என்னும் அறிவுரையையும் கூறினார்.

1931-ஆம் ஆண்டு புத்தாண்டு நாளன்று கமலா அம்மையாரும் சிறைப்பட்டார். அன்றே அடுத்த மடல் எழுதப்பட்டது. தாயும் தந்தையும் சிறையிலிருக்க, பதின்மூன்று வயதுப் பெண் ஆனந்த பவனத்தில் இருந்தாள். அம்மாதம் 26-ஆம் நாள், தந்தையார் மோதிலால் நோய் முற்றியிருந்தமையால் ஜவகர்லால் விடுவிக்கப்பட்டார். பிப்ரவரி 6-ஆம் நாள் மோதிலால் மறைந்தார்.

அத்துயருக்குப் பின் ஏப்ரல் திங்களில் அவர் மனைவியோடும் மகளோடும் இலங்கைக்குச் சென்றார். கப்பலில் மகள் அருகிலேயே இருந்தும் மடலை அவர் மறந்தாரல்லர். இலங்கையில் அநுராதபுரத்துப் புத்தர் சிலையின் அமைதி அவர்தம் உள்ளத்தைக் கவர்ந்தது. பின்னாளில் தேராதூன் சிறைவாழ்வில் அச்சிலையின் படம் அவருக்கு உற்ற துணையாயிற்று. இலங்கையினின்று திரும்பும்போது மூவரும் குமரிமுனையையும் மலையாள நாட்டையும் கண்டு சென்றனர். தந்தை, தாய், மகள் மூவரும் கூடிக் கழித்த அச்சில வாரங்கள் அக்குடும்பத்துக்குக் கிடைத்தற்கரிய பேறாயின.

குவிந்து கிடந்த மடல்கள்

அவ்வாண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஜவகர்லால் மீண்டும் சிறைப்பட்டார். இம்முறை இரண்டாண்டுத் தண்டனை. நைனி, பரேலி, தேராதூன் என மூன்று சிறைகளில் அவர் மாறி மாறி இருந்தார். 1932 மார்ச்சுத் திங்களில் விட்ட இடத்திலிருந்து வரலாற்றைத் தொடங்கி, அடுத்த ஆண்டு ஆகஸ்டு வரை இடைவிடாது எழுதினார்.

சிறையிலிருந்து நினைத்தபோதெல்லாம் மடல் விடுக்க இயலாது. ஆதலின் இவ்வரலாற்று மடல்கள் எழுதப்பட்ட அந்நாள்களிலேயே மகளின் கையை அடையவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக அவை சிறையிலேயே குவிந்தன. மகளோ தொலைவில், புனே நகரப் பள்ளியில் பயின்றுகொண்டிருந்தாள். பெறுவார் எப்போது பெறுவார் என்பது தெரியாமலே, எதிரில் அமர்ந்திருப்பவளிடம் பேசுவதுபோல அவர் எழுதிவந்தார். அம்மடல்கள் உண்மையில் மகளோடு அவர் நிகழ்த்திய மானத உரையாடல்களாகும்.

வெளியிலிருந்து வந்த செய்திகளோ நெஞ்சைப் பிளப்பன. 1932 ஏப்ரலில் அலகாபாத்தில் நிகழ்ந்த ஊர்வலத்தில் முதுமையுற்ற தாயார் சுவரூபராணி அம்மையார் காவலரின் தடியடிபட்டுக் குருதி சோர வீழ்ந்தார். மற்றொரு முறை, சிறையிலிருந்த உறவினரைக் காணச் சென்ற குடும்பத்துப் பெண்டிரைச் சிறை அலுவலர் ஒருவர் இழிவுபடுத்தி வெளியேற்றினார். மீண்டும் அந்நிலை அவர்க்கு நேரலாகாதெனக் கருதிய ஜவகர்லால், தம்மைக் காண எவரும் வரவேண்டா எனப் பல மாதங்கள் நேர்காணலையே துறந்தார். காணும் இன்பமும் அற்றுப்போன அந்நாள்களில், மகளோடு அவரைப் பிணித்திருந்தவை இம்மடல்களே. தேராதூன், முசூரி மலையின் அடிவாரத்தில் உள்ள ஊர். முன்னொரு கோடையில் மகள் தம் மடல்களைப் பெற்று மகிழ்ந்த அம்மலையின் நிழலிலே அமர்ந்து, மகளைச் சேராத மடல்களை அவர் எழுதினார்.

நூலகம் இல்லாத வரலாற்றாசிரியர்

வரலாறு எழுதுவார்க்கு நூலகம் இன்றியமையாதது. சிறையில் நூலகம் ஏது? முன்னைய சிறைவாழ்விலிருந்தே தாம் படித்த நூல்களிலிருந்து குறிப்பெடுத்து வைக்கும் வழக்கம் ஜவகர்லாலுக்கு இருந்தது. அக்குறிப்பேடுகளும், அவ்வப்போது கிடைத்த நூல்களும், நினைவாற்றலுமே அவர்க்குக் கருவிகளாயின. தாம் வரலாற்று வல்லுநர் அல்லர் என்பதையும், தம் மடல்களில் கூறியது கூறலும் விடுபாடும் இருக்கும் என்பதையும் அவர் ஒளிக்கவில்லை. தாம் கூறுவனவற்றையெல்லாம் மகள் அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றும் அவர் எதிர்பார்க்கவில்லை. கற்பிப்பார் இங்ஙனம் மனம் திறந்து பேசும்போது, கற்பார்க்கு அச்சம் நீங்கி, ஆராயும் துணிவு பிறக்கிறது.

அவர் வரலாறு கூறும் முறையில் மூன்று சிறப்புகள் விளங்குகின்றன. முதலாவது, உலகை ஒருங்கே நோக்குதல். கிறித்துவுக்கு முற்பட்ட ஆறாம் நூற்றாண்டைக் கூறுமிடத்து, இந்தியாவில் புத்தரும் மகாவீரரும், சீனத்தில் கன்பூசியசும் லாவோட்சும், பாரசீகத்தில் சரதுஷ்டிரரும், கிரேக்க உலகில் பித்தகோரசும் தோன்றியதாக ஒரே காட்சியில் வைத்துக் காட்டுகிறார். நம் நாட்டு வரலாறு தனித்ததொரு தீவன்று. மனித இனம் என்னும் பேராற்றின் ஒரு கிளை என்பது இதனால் விளங்கும். தென்னாட்டையும் அவர் மறந்தாரல்லர். பல்லவர்களையும், கடற்படை கொண்டு கடல்கடந்து சென்ற சோழ வேந்தர் இராசராசனையும் இராசேந்திரனையும் பற்றி மகளுக்கு எடுத்துரைத்தார்.

இரண்டாவது, மக்களை நோக்குதல். வரலாறு என்பது மன்னர்களின் வரலாறு மட்டுமன்று என்பது அவர்தம் உறுதியான கொள்கை. உழுதவர், நெய்தவர், கல் சுமந்தவர், கப்பல் ஓட்டியவர் ஆகியோரைப் பற்றி அவர் வினவுகிறார். அவர்கள் எதை உண்டனர்? எங்ஙனம் உழைத்தனர்? அவர்தம் உழைப்பின் பயனை எவர் நுகர்ந்தனர்? 1920-ஆம் ஆண்டு அயோத்தி நாட்டுச் சிற்றூர்களில் வறிய உழவரிடையே நடந்து திரிந்தபோது அவர் கண்ட காட்சிகளே இவ்வினாக்களை அவர் உள்ளத்தில் எழுப்பின. பிரஞ்சுப் புரட்சியைக் கூறும்போது அரசன் வீழ்ந்ததை மட்டும் கூறாது, மக்கள் பசியையும் கூறினார். பாஸ்டில் சிறையின் மதில்கள் தகர்ந்த கதையை, தாமே ஒரு சிறையின் மதில்களுக்குள் இருந்து அவர் எழுதினார் என்பதை எண்ணும்போது, அவ்வெழுத்தில் உணர்ச்சி ததும்புவதில் வியப்பில்லை.

மூன்றாவது, நடுவுநிலை பிறழாமை. கலிங்கத்தை வென்ற பின் போரின் கொடுமை கண்டு உள்ளம் மாறிய அசோகரை அவர் உளமாரப் போற்றினார். செங்கிஸ்கானின் போர்த்திறனில் தமக்குள்ள வியப்பை மறையாது கூறினார். அவனுடைய படைகளால் அழிந்த நகரங்களையும் மறையாது கூறினார். நம்மை அடிமைப்படுத்திய ஆங்கிலேயரின் ஆட்சியைக் கடிந்த அவர், அந்நாட்டு மக்களைப் பகைக்குமாறு மகளுக்குக் கற்பிக்கவில்லை. தம்மைச் சிறையிட்டோரின் நாட்டு வரலாற்றையும் பகையின்றிச் சொல்வது எத்துணை அரியது!

1933 ஆகஸ்டு 9-ஆம் நாள் தேராதூன் சிறையில் இறுதி மடல் எழுதப்பட்டது. அதனோடு மடல்களின் எண்ணிக்கை 196 ஆயிற்று. அத்திங்களின் இறுதியில் அவர் விடுதலையடைந்தார். 1934-இல் அம்மடல்கள் நூலுருப் பெற்றன. அவ்வாண்டு பிப்ரவரியில் அவர் மீண்டும் சிறைப்பட்டமையின், நூல் வெளிவந்த ஆண்டின் பெரும்பகுதியும் நூலாசிரியர் சிறையிலேயே இருந்தார். பின்னர் அவர் அதனைத் திருத்தி விரிவாக்கினார். ஹொராபின் என்னும் ஆங்கிலேயர் வரைந்த நிலப்படங்களோடு 1939-இல் இலண்டனில் புதிய பதிப்பு வெளிவந்தது.

கோட்டைக்குள் தோண்டிய தோட்டம்

1936 பிப்ரவரி 28-ஆம் நாள் கமலா அம்மையார் சுவிட்சர்லாந்து நாட்டின் லொசான் நகரில் மறைந்தார். தாயும் இன்றித் தந்தையும் அருகின்றி இந்திரா வளர வேண்டியவரானார். உலகின் வரலாற்றையெல்லாம் மகளுக்கு அளித்த தந்தையால், மகளின் இளமையை அருகிருந்து காண முடியவில்லை. மடல்கள் எத்துணை இனியவாயினும் அவை தந்தையின் தோளுக்கு ஈடாகா. நாட்டின் விடுதலைக்காக அக்குடும்பம் கொடுத்த விலை இது. அந்நூலின் ஏடுகளைப் புரட்டுவோர் இதனையும் நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

1942-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் நாள், வெள்ளையனே வெளியேறு என்னும் போராட்டம் எழுந்தபோது, ஜவகர்லால் மவுலானா ஆசாத் முதலிய தலைவர்களோடு அகமதுநகர்க் கோட்டையில் சிறைவைக்கப்பட்டார். அது அவருடைய ஒன்பதாவது சிறைவாழ்வு. மிக நீண்டதும் அதுவே. பொழுதுபோக்காக அவர் கோட்டைக்குள் மண்ணைக் கொத்திப் பூந்தோட்டம் அமைத்தார். கொத்தும்போது பழங்காலச் சுவர்களும் கட்டடங்களின் மேற்பகுதிகளும் மண்ணுக்குள் தென்பட்டன. ஆழமாகத் தோண்டுவதற்குச் சிறையில் இசைவு இல்லை. ஆகவே அவர் மண்வெட்டியை வைத்துவிட்டு எழுதுகோலை எடுத்தார். 1944 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஐந்து திங்களில் எழுதி முடித்த அந்நூலே கண்டுணர்ந்த இந்தியா என்று தமிழில் வழங்கும் பெருநூல். 1946-இல் அது வெளிவந்தது. அதனைத் தழுவி இயக்குநர் சியாம் பெனகல் படைத்த தொலைக்காட்சித் தொடர் 1988-ஆம் ஆண்டு முதல் ஒளிபரப்பாகி, எழுத்தறியாதாரையும் நாட்டு வரலாற்றைக் காணச் செய்தது.

1947-இல் நாடு விடுதலை பெற்றது. ஜவகர்லால் முதற் பிரதமராகி, 1964-ஆம் ஆண்டு மே 27-ஆம் நாள் மறையும் வரை அப்பொறுப்பைத் தாங்கினார். மடல்களைப் பெற்ற மகளும் 1966-இல் நாட்டின் பிரதமரானார். நேரு பிறந்த நவம்பர் 14-ஆம் நாளை நாம் குழந்தைகள் நாளாகக் கொண்டாடுகிறோம். அவர் குழந்தைகளுக்கு அளித்த அன்பளிப்புகளுள் சிறந்தவை அவர்தம் வரலாற்று நூல்களே என்பதையும் அந்நாளில் நினைத்தல் தகும்.

நாம் கொள்ளத்தக்கது

அம்மடல்கள் எழுதப்பட்டுத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேலாயின. அகழ்வாய்வும் ஆராய்ச்சியும் பெருகியமையால், அவற்றிற் கூறப்பட்ட செய்திகள் சில திருத்தம் பெற்றுள்ளன. சிந்துவெளி நாகரிகம் உலகுக்கு அறிவிக்கப்பட்டதே 1924-ஆம் ஆண்டில்தான்; அதன்பின் நாம் அறிந்தவை பல. எனவே அந்நூல்களை இறுதி முடிபாகக் கொள்ளுதல் வேண்டா. அவரும் அதனை விரும்பியிரார். அவற்றினின்று நாம் கற்க வேண்டுவது செய்திகளினும் மேலாக, நோக்கும் முறையே.

ஒரு செய்தியைப் படித்தவுடன், அது யாருக்கு நேர்ந்தது, ஏன் நேர்ந்தது, அதே காலத்தில் பிற நாடுகளில் என்ன நிகழ்ந்தது, நமக்கு அது எங்ஙனம் தெரியவந்தது என்று வினவப் பழகுதல் வேண்டும். அங்ஙனம் வினவத் தொடங்குவார்க்கு ஊர்ப்புறத்து நடுகல்லும், கோயிற்சுவரில் உள்ள கல்வெட்டும், உழுபடையிற் சிக்கும் பானை ஓடும் வாய் திறந்து பேசும். காவிரியின் மணலிலோ பொருநையின் கரையிலோ கிடக்கும் கூழாங்கல் ஒன்றைக் கையிலெடுத்து, இது எந்த மலையிலிருந்து புறப்பட்டு எத்தனை காலம் நடந்து வந்ததோ என்று வியக்கும் மாணவர், வரலாற்றின் முதற்பாடத்தைக் கற்றவராவார்.